நண்பர் பெயரில் கொண்டோ வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்குச் சொந்த ஊர் மன்னார்குடி பக்கம். ஆறு வருடமாகச் சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸில் வேலை பார்க்கிறேன். வயது 36, சம்பளம் மாதம் 9,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மனைவி டிபென்டன்ட் பாஸில் இருக்கிறார், மகனுக்கு 6 வயது. செங்காங்கில் 3,200 வெள்ளி வாடகைக்கு இருக்கிறோம். பிஆருக்கு (நிரந்தரவாசத்துக்கு) விண்ணப்பித்திருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. புதிதாகக் கட்டும் கொண்டோவில் (தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பில்) 15 லட்சம் வெள்ளிக்கு இரண்டு படுக்கையறை வீடு ஒன்று பிடித்துவிட்டது. வெளிநாட்டவருக்கு 60 சதவீத வரி என்பதால், குடிமகனான என் நண்பர் தன் பெயரில் வாங்கிக்கொள்ளலாம், பிஆர் வந்ததும் மாற்றித் தருகிறேன் என்கிறார். அவருக்கு ஏற்கெனவே எச்டிபி வீடு (அரசு அடுக்குமாடி வீடு) இருக்கிறது, அதன் கடனும் ஓடுகிறது. வீட்டு முகவரோ, “வரியைக் கட்டி உங்கள் பெயரிலேயே வாங்கினாலும் பிஆர் ஆனதும் திருப்பித் தந்துவிடுவார்கள்” என்கிறார். என் கையில் 2.6 லட்சம் வெள்ளி இருக்கிறது. அப்பா நிலத்தை விற்று மீதியைத் தருவார். அதனால் அவர் பெயரையும் பத்திரத்தில் சேர்க்க ஆசை. பின்னாளில் ஊருக்கே திரும்பினால் என்ன ஆகும் என்பதும் தெரியவேண்டும். வரும் வாரம் புக்கிங். என்ன செய்யட்டும்?

பதில்: புக்கிங்குக்குப் போகாதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம், இது மட்டும் அவசரம்.

ஷோஃபிளாட்டில் முன்கூட்டியே வாங்கிவைக்கும் விருப்பக் காசோலை பற்றிக் கவலை இல்லை. வீட்டைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அது உங்களுக்கே திரும்பிவிடும். ஆனால் புக்கிங் அன்று வீட்டு எண்ணைச் சொல்லி, 5 சதவீதம் கட்டி, ஆப்ஷன் பத்திரம் (வாங்கும் உரிமைப் பத்திரம்) வாங்கிவிட்டால் கதை வேறு. உங்கள் கணக்கில் அந்த 5 சதவீதம் 75,000 வெள்ளி. இரண்டு வாரத்துக்குள் கட்டுமான நிறுவனம் விற்பனை ஒப்பந்தத்தை அனுப்பும். அது கைக்கு வந்ததிலிருந்து கையெழுத்திட மூன்று வாரம் இருக்கும். அந்த நேரத்தில் மனம் மாறினால் கட்டியதில் கால் பங்கை, அதாவது 18,750 வெள்ளியை நிறுவனம் எடுத்துக்கொண்டு மீதியைத் தரும். கையெழுத்தே போட்டுவிட்டால் 14 நாளில் முத்திரை வரி முழுவதையும் கட்டியாகவேண்டும். வங்கிக் கடனில் அந்த வரியைச் சேர்க்க முடியாது.

முகவர் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது முழுப் பொய். கூடுதல் முத்திரை வரியைப் பொறுத்தவரை, நீங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளில் யாராக இருக்கிறீர்கள் என்பது ஒன்றுதான் கணக்கு. அன்று வெளிநாட்டவர் என்றால் 60 சதவீதம். மறு வாரமே பிஆர் கடிதம் வந்தாலும் ஒரு வெள்ளி திரும்பாது. திருப்பித் தரும் சலுகை ஒன்று உண்டுதான். ஆனால் அது வேறு: குடிமகன் இருக்கும் தம்பதியர் இரண்டாவது வீடு வாங்கிவிட்டு, முதல் வீட்டை ஆறு மாதத்துக்குள் விற்றால் கிடைப்பது. உங்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இந்தியா-சிங்கப்பூர் ஒப்பந்தத்தால் இந்தியர்களுக்கு விலக்கு உண்டு என்றும் சிலர் சொல்லக்கூடும். இல்லை. குடிமக்களுக்கு இணையான விகிதம் அமெரிக்கக் குடிமக்களுக்கும், ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன், நார்வே, சுவிட்சர்லாந்து நாடுகளின் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே.

2011 டிசம்பரில் இந்த வரி வந்தபோது வெளிநாட்டவருக்கு 10 சதவீதமாக இருந்தது. ஏறி ஏறி 2021 டிசம்பரில் 30 ஆனது, 2023 ஏப்ரல் 27 முதல் 60. உங்கள் 15 லட்ச வெள்ளி வீட்டுக்கு அது மட்டும் 9 லட்சம். நீங்கள் இப்போது கொடுக்கும் வாடகையை அந்தப் பணத்தில் 23 ஆண்டுக்கு மேல் கொடுக்கலாம். எல்லோரும் கட்டும் சாதாரண முத்திரை வரி 44,600 வெள்ளி தனி. பிஆராக இருந்து முதல் வீடாக இதையே வாங்கினால் கூடுதல் வரி 5 சதவீதம்தான். 75,000-மும் 44,600-மும் சேர்ந்து 1,19,600 வெள்ளியோடு முடிந்துவிடும்.

இப்போது நண்பர் விஷயம். அவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அவர் நினைப்பது போல எதுவும் நடக்காது.

அவருக்கு எச்டிபி வீடு இருக்கிறது. அதில் குடியேறி ஐந்து வருடக் கட்டாயக் காலம் முடியவில்லை என்றால் தனியார் வீடு வாங்கவே அவருக்கு அனுமதி இல்லை. முடிந்திருந்தால், இது அவருடைய இரண்டாவது வீடு. குடிமகனாக இருந்தாலும் இரண்டாவது வீட்டுக்கு 20 சதவீதம், அதாவது 3 லட்சம் வெள்ளி கூடுதல் வரி. பழைய வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கும்போது புதிய வீட்டுக்கு விலையில் 45 சதவீதம்தான் கடன் கிடைக்கும். ஆக 6.75 லட்சம் கடன், மீதி 8.25 லட்சத்தையும் வரி 3,44,600-ஐயும் நீங்கள் கையிலிருந்து எடுத்து வைக்கவேண்டும். மொத்தம் 11,69,600 வெள்ளி. உங்களிடம் இருப்பதோ 2.6 லட்சம்.

சரி, எப்படியோ புரட்டிவிட்டீர்கள், இரண்டாவது வருடத்தில் பிஆரும் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். “பெயரை மாற்றிக்கொள்வது” என்று சட்டத்தில் ஒன்று கிடையாது. அது இன்னொரு விற்பனை. 2025 ஜூலை 4 அன்றோ அதற்குப் பிறகோ வாங்கிய வீட்டை நான்கு வருடத்துக்குள் விற்றால் விற்பவருக்கு வரி உண்டு: முதல் வருடம் 16 சதவீதம், அப்புறம் 12, 8, 4. இரண்டாவது வருடம் என்றால் நண்பர் தலையில் 1.8 லட்சம் விழும். வாங்கும் உங்களுக்கு மறுபடியும் 44,600, மறுபடியும் பிஆர் விகிதத்தில் 75,000. சும்மா எழுதிக்கொடுத்தாலும் சந்தை மதிப்பு என்னவோ அதற்குத்தான் வரி. எல்லாவற்றையும் கூட்டினால் ஒரே வீட்டுக்கு 6,44,200 வெள்ளி வரியாகவே போயிருக்கும். பிஆர் வரும்வரை காத்திருந்தால் கட்டவேண்டியது 1,19,600.

பணத்தை விடுங்கள், என்னைக் கவலைப்படுத்துவது வேறு. உங்கள் பணத்தில் அவர் பெயரில் வீடு வாங்கினால், சட்டத்தின் கண்ணில் உண்மையான உரிமையாளர் நீங்கள்தான் என்று ஆகும். முத்திரை வரி உண்மையான உரிமையாளரைப் பார்த்தே விதிக்கப்படும். அதை மறைத்தால் வரி ஏய்ப்பு. அவர் உங்களுக்காக வீட்டை வைத்திருக்கிறார் என்று வெளிப்படையாக அறக்கட்டளைப் (டிரஸ்ட்) பத்திரம் எழுதி அவரிடம் ஒப்படைத்தாலோ, அதற்கென்று முன்கூட்டியே கட்டவேண்டிய விகிதம் 65 சதவீதம். ஆக, பணம் உங்களுடையது என்று ஒரு தாளில் எழுதி வைத்தால் அந்தத் தாளே உங்கள் மீதான சாட்சி. எழுதாமல் விட்டால் வீடு அவருடையது. அவர் திவாலானால் கடன்காரர்கள் அதைப் பிடிப்பார்கள். விவாகரத்து ஆனால் தம்பதியின் சொத்தில் அதுவும் பங்கு போடப்படும். உயில் இல்லாமல் இறந்துவிட்டால் மனைவி மக்களுக்குப் போகும். அவர்களிடம் போய் “இது என் வீடு” என்று எதைக் காட்டிக் கேட்பீர்கள்? வங்கியிடமும் அவர் இதைத் தன் சொந்த வீடு என்று சொல்லித்தான் கடன் வாங்கியிருப்பார். அவருக்கும் இதில் ஆபத்து குறைவில்லை.

“நிறையப் பேர் இப்படித்தான் வாங்குகிறார்கள்” என்று யாராவது சொல்லக்கூடும், அதற்கும் ஒரு பதில். கூடுதல் வரியைக் குறைக்க, ஒருவர் முழு வீட்டையும் வாங்கி, உடனே 1 சதவீதத்தை மட்டும் உறவினருக்கு விற்கும் வழி இங்கே சில வருடம் பரவலாக நடந்தது. வரித்துறை பழைய பத்திரங்களைத் தோண்டி எடுத்து, விட்டுப்போன வரியோடு அதில் 50 சதவீதத்தை அபராதமாகச் சேர்த்து வசூலித்தது. நிறையப் பேர் செய்தார்கள் என்பது அவர்கள் யாரையும் காப்பாற்றவில்லை.

அப்பா பெயரைச் சேர்க்கும் ஆசை எனக்குப் புரிகிறது. நிலத்தை விற்றுக் கொடுப்பவர் பெயர் பத்திரத்தில் இருக்கவேண்டும் என்று மகனுக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால் இருவர் சேர்ந்து வாங்கினால் இருவரில் யாருக்கு வரி அதிகமோ அந்த விகிதம்தான் முழு விலைக்கும். நாளை நீங்கள் பிஆர் ஆனாலும், அப்பாவின் பெயரில் 1 சதவீதப் பங்கு இருந்தால் போதும், 5 சதவீத வரி 60 ஆகிவிடும். உங்கள் மனைவிக்கும் இதே விதி. கணவன் மனைவி என்ற சலுகை, ஒருவர் குடிமகனாக இருந்தால்தான். பிஆரும் வெளிநாட்டவரும் தம்பதியாக வாங்கினால் 60 சதவீதமே. உங்கள் விண்ணப்பத்தில் மனைவியையும் மகனையும் சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள். மூவருக்கும் சேர்த்துக் கிடைத்தால் நீங்களும் மனைவியும் கூட்டாக 5 சதவீதத்தில் வாங்கலாம். உங்களுக்கு மட்டும் கிடைத்தால் கொண்டோவை உங்கள் ஒருவர் பெயரில்தான் வாங்கவேண்டும்.

மகன் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. உங்கள் வழியாக பிஆர் பெறும் மகன் பதினாறரை வயதில் தேசிய சேவைக்குப் பதிவு செய்து, பிறகு இரண்டு வருடம் முழுநேரச் சேவை செய்யவேண்டும். அதைச் செய்யாமல் பிஆரை விட்டுவிட்டுப் போனால், பின்னாளில் அவர் இங்கே படிக்கவோ வேலைக்கோ வர நினைக்கும்போது அது குறுக்கே நிற்கும். விண்ணப்பம் போட்டாயிற்று, பதில் வருமுன் மனைவியோடு உட்கார்ந்து இதைப் பேசுங்கள். வீட்டு வரியைக் குறைப்பதற்காக மட்டும் எடுக்கிற முடிவு அல்ல அது.

பிஆர் கிடைத்துவிட்டால் அடுத்து என்ன? இந்த 15 லட்ச வெள்ளி கொண்டோ அப்போதும் உங்களுக்குப் பெரிய சுமை என்றுதான் நினைக்கிறேன். எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து சம்பளத்தில் 55 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. உங்களுக்கு அது 5,225 வெள்ளி. 75 சதவீதக் கடனை 65 வயதுக்குள் முடியும்படி 29 வருடத்துக்குப் போட்டு, வங்கி சோதித்துப் பார்க்கும் 4 சதவீத வட்டியில் கணக்கிட்டால் தவணை ஏறக்குறைய 5,470 வருகிறது. வேறு கடன் எதுவும் இல்லாவிட்டால்கூட முழுக் கடன் கிடைக்காது. வரியும் முன்பணமுமாக ஐந்தரை லட்சம் வெள்ளி வேண்டியிருக்கும். புது பிஆருக்கு முதல் இரண்டு வருடம் மத்திய சேமநிதிச் சந்தா குறைந்த விகிதத்தில்தான் போகும், அதனால் வீட்டுக்காக அந்தக் கணக்கிலிருந்து எடுக்கலாம் என்றும் நம்ப முடியாது.

என் யோசனை எச்டிபி மறுவிற்பனை வீடு. நீங்களும் மனைவியும் பிஆராகி மூன்று வருடம் முடிந்தால் சேர்ந்து வாங்கலாம். 6 லட்சம் வெள்ளி வீடு என்று வைத்துக்கொள்வோம். எச்டிபி கடன் பிஆர்களுக்குக் கிடையாது, வங்கிக் கடன்தான். கால் பங்கு முன்பணம் 1.5 லட்சம், கூடுதல் வரி 30,000, சாதாரண முத்திரை வரி 12,600. மொத்தம் 1,92,600 வெள்ளி. உங்கள் கையிருப்பே போதும், அப்பாவின் நிலத்தைத் தொடவேண்டியதில்லை. எச்டிபி வீட்டுக்கு வீட்டுத் தவணை சம்பளத்தில் 30 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும், அதாவது 2,850. நான்கரை லட்சக் கடனுக்கு 25 வருடத்தில், அதே 4 சதவீதத்தில், 2,375 வருகிறது. தாராளமாக அடங்கும். பேசிய விலை மதிப்பீட்டைவிட அதிகமானால் அந்த வித்தியாசத்தை ரொக்கமாகத் தரவேண்டும், அதற்கும் கொஞ்சம் இடம் இருக்கிறது.

இதில் நம் ஊர்க்காரர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எச்டிபி வாங்கும் பிஆர் குடும்பம், வெளிநாட்டில் இருக்கும் குடியிருப்பு வீட்டைக்கூட ஆறு மாதத்துக்குள் கைமாற்றிவிடவேண்டும். மன்னார்குடியில் உங்கள் பெயரிலோ மனைவி பெயரிலோ வீடு இருக்கிறதா? தாத்தா வீட்டில் வாரிசுப் பங்கு இருக்கிறதா? பங்காக இருந்தாலும் சொல்லவேண்டும். விண்ணப்பத்தில் “இல்லை” என்று டிக் செய்துவிட்டு, பிறகு தெரியவந்தால் வீட்டையே இழக்க நேரும். ஊரில் உங்கள் பெயரில் வீடு இருந்து, அதை அப்பாவுக்கே செட்டில்மென்ட் எழுதிக்கொடுப்பதில் உங்களுக்குச் சம்மதம் என்றால் செய்யலாம். ஆனால் உண்மையிலேயே கொடுத்துவிடவேண்டும். அந்த வீட்டை விட மனமில்லை என்றால் எச்டிபியை மறந்துவிட்டு, விலை குறைந்த பழைய கொண்டோ பாருங்கள்.

எந்தப் புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்) என்பதும் முக்கியம். ஒரு புளோக்கில் மலேசியர் அல்லாத பிஆர் குடும்பங்கள் 8 சதவீதத்தையும், ஒரு வட்டாரத்தில் 5 சதவீதத்தையும் தாண்டக்கூடாது. இன ஒதுக்கீடு அதற்கு மேல் தனியாக உண்டு. இந்தியர் ஒதுக்கீடு நிரம்பிய புளோக்கில் இந்தியரிடமிருந்தோ அதே ஒதுக்கீட்டில் வரும் மற்ற இனத்தவரிடமிருந்தோதான் வாங்க முடியும். எச்டிபி இணையதளத்தில் புளோக் எண்ணைப் போட்டால் அந்த மாத நிலவரம் தெரியும். வீட்டைப் போய்ப் பார்த்து மனதைக் கொடுப்பதற்கு முன் அதைப் பாருங்கள்.

எப்போதோ ஒரு நாள் கொண்டோவுக்கே அப்பாவின் பணம் தேவைப்பட்டால், நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கவேண்டும். அப்பா பெயரில் இருந்தால், அவர் இந்தியாவில் வசிப்பவர் என்ற முறையில் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். 10 லட்ச ரூபாய்க்கு மேல் அனுப்பும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் வரி பிடிக்கும். அது செலவு அல்ல, வரித்தாக்கலில் அப்பாவின் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் பெறலாம். ஆனால் அதுவரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள். இப்படி அனுப்புவதற்காக இந்திய வங்கியில் கடன் வாங்க அனுமதி இல்லை. நிலம் உங்கள் பெயரில் இருந்தால் விற்ற பணம் உங்கள் என்ஆர்ஓ கணக்குக்கு (வெளிநாடுவாழ் இந்தியரின் ரூபாய்க் கணக்கு) வந்து, அங்கிருந்து வருடத்துக்கு 10 லட்சம் டாலர் வரை வெளியே எடுக்கலாம். அப்பா தன் பணத்தைத் தந்தால் அது அன்பளிப்பு என்று எழுத்தில் இருக்கட்டும். “வீட்டில் என் பங்கு” என்று எங்கும் எழுதிவிடாதீர்கள், அந்த ஒரு வரி 60 சதவீதத்தை மறுபடி இழுத்துவரும்.

முகவர் மீது எனக்கு நம்பிக்கை இல்லை. அவர் பதிவு பெற்றவரா என்று சொத்து முகவர் மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் தொலைபேசி எண்ணைப் போட்டுப் பாருங்கள். விற்பனைப் பணத்தை முகவர் தன் கையில் வாங்கவே கூடாது. அப்படிக் கேட்டால் அன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஊர் திரும்பினால். எச்டிபி என்றால் விற்றுவிட்டுத்தான் போகவேண்டும், முழு வீட்டையும் வாடகைக்கு விடும் உரிமை பிஆருக்கு இல்லை. சேமநிதியிலிருந்து எடுத்த தொகை வட்டியோடு சேமநிதிக்கே திரும்பிப் போகும். கொண்டோவை வைத்துக்கொண்டு போகலாம், நீங்கள் வெளிநாட்டில் வசித்தபோது வாங்கியது என்பதால் இந்தியச் சட்டத்திலும் தடை இல்லை. வாடகைக்கு விட்டால் இங்கே சொத்து வரி ஆண்டு மதிப்பில் (ஒரு வருட வாடகை மதிப்பில்) 12 சதவீதத்தில் தொடங்கி 36 வரை போகும், இங்கே வசிக்காதவரின் வாடகை வருமானத்துக்கு 24 சதவீத வருமான வரியும் உண்டு. சிங்கப்பூரில் மூலதன ஆதாய வரி இல்லை என்ற நினைப்பில் பின்னாளில் விற்காதீர்கள். இந்திய வரிச் சட்டப்படி நீங்கள் அங்கே முழு வசிப்பாளர் ஆகிவிட்டால் அந்த லாபத்துக்கு இந்தியா வரி கேட்கும், வாடகைக்கும் கேட்கும். அந்த நிலை வந்த முதல் வருடத்திலிருந்தே இந்திய வரித்தாக்கலில் உள்ள வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் வீட்டைக் காட்டிவிடுங்கள். காட்டாமல் விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் வருடத்துக்கு 10 லட்ச ரூபாய் அபராதம். சின்னச் சொத்துகளுக்கு 2024-இல் கொடுத்த தளர்வு வீடு, நிலத்துக்குப் பொருந்தாது.